கோலாலம்பூர் வெக்கையில் சின்சில்லா: எந்தக் குளிரூட்டும் வழி யாருக்கு?

சின்சில்லா என்பது அடர்ந்த ரோமமுள்ள, கொறிக்கும் சிறு பிராணி. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் அதை வளர்ப்பவர்கள் கேட்கும் கேள்விகள் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன. காற்றாடி போதுமா? ஏர் கூலர் வாங்கினால் சமாளிக்கலாமா? வாடகை வீடு, சுவரில் துளை போட விடமாட்டார்கள், அப்புறம் என்ன செய்வது? இருபத்து நான்கு மணி நேரமும் ஏர்கோன் ஓடினால் கரண்ட் பில் எங்கே போய் நிற்கும்?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஊரில் ஏர்கோன் இல்லாமல் சின்சில்லாவைக் காப்பாற்ற முடியாது. எந்த வகை ஏர்கோன் என்பது அடுத்த கேள்வி. அதைவிடப் பெரிய கேள்விகள் இரண்டு: அதை எந்த அறையில் போடப்போகிறீர்கள்? நீங்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் அது நின்றுபோனால் என்ன ஆகும்?

## எதை வைத்து எடை போடுவது

சின்சில்லா சிலி நாட்டு ஆண்டிஸ் மலைப்பகுதியைச் சேர்ந்தது. குளிரும் வறட்சியும் உள்ள இடம். ஒரு மயிர்க்காலிலிருந்தே ஐம்பதுக்கும் மேற்பட்ட முடிகள் வளரும் உடம்பு அது. வியர்க்காது. உடம்புச் சூட்டை வெளியேற்ற அதற்கு இருக்கும் முக்கிய வழி அந்தப் பெரிய காதுகள்தான். சூடு ஏறினால் காதில் இரத்தக் குழாய்கள் புடைத்து, காது மடல் வெளிர் நிறத்திலிருந்து சிவப்புக்கு மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

"இது இங்கேயே பிறந்த குட்டி, வெயில் பழகிவிடும்" என்று விற்பவர்கள் சொன்னால் நம்ப வேண்டாம். 1923-ல் மத்தியாஸ் சாப்மன் என்ற அமெரிக்கச் சுரங்கப் பொறியாளர் சிலியிலிருந்து சின்சில்லாக்களைக் கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோனார். மலையிலிருந்து அவற்றை ஒரேயடியாக இறக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். கப்பலில் ஐஸ் வைத்துக் கூண்டைக் குளிர்வித்தார். இன்று வீடுகளில் வளரும் சின்சில்லாக்களில் பெரும்பாலானவை அந்தச் சிறு கூட்டத்தின் வழி வந்தவை. நூறு வருடம் மனிதர் கையில் வளர்ந்த பிறகும் அந்த ரோமம் மெலியவில்லை, வியர்வையும் வரவில்லை. கோலாலம்பூரில் பிறந்ததால் ஒரு குட்டிக்கு மட்டும் அது மாறிவிடாது.

அறை 15 முதல் 21 டிகிரிக்குள் இருந்தால் அது நிம்மதியாக இருக்கும். 25-ஐத் தாண்டினால் ஆபத்து தொடங்குகிறது. ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இருப்பது நல்லது. வளர்ப்பவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: வெப்பத்தை பாரன்ஹீட்டில் எடுத்து, ஈரப்பத சதவீதத்தைக் கூட்டினால் 150-க்குள் இருக்க வேண்டும். நம் ஊரை அதில் போட்டுப் பாருங்கள். மதியம் வீட்டுக்குள் 31 டிகிரி, அதாவது 88 பாரன்ஹீட். ஈரப்பதம் 70. கூட்டினால் 158. சரி, விடியற்காலை? 24 டிகிரிக்கு 75, அந்த நேரத்து ஈரப்பதம் 90. கூட்டினால் 165. நமக்குச் சில்லென்று இருக்கும் அந்த நேரமும் அதற்கு உதவாது. ராத்திரி ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இந்தக் கணக்கிலும் ஓர் ஓட்டை உண்டு. 27 டிகிரியில் ஈரப்பதம் 40 என்றால் கூட்டுத்தொகை 121 வரும். தப்பித்தோம் என்று தோன்றும், ஆனால் 27 என்பதே அதிகம். ஆகவே முதலில் வெப்பத்தைப் பாருங்கள், கூட்டுத்தொகையை அதற்குப் பிறகு பாருங்கள். வானிலை ஆய்வுத் துறையின் முதல் கட்ட வெப்ப எச்சரிக்கை, தொடர்ந்து மூன்று நாள் 35 டிகிரியைத் தொட்டால்தான் வரும். அது மனிதர்களுக்கானது. சின்சில்லாவுக்கு அதற்குப் பத்து டிகிரி முன்பே எச்சரிக்கை தொடங்கிவிடுகிறது.

ஆக, எந்த வழியானாலும் நான்கு கேள்வி. வெப்பத்தை உண்மையாகவே குறைக்கிறதா? ஈரப்பதத்தையும் குறைக்கிறதா? ஆள் இல்லாதபோது தானாக ஓடுமா? நின்றுபோனால் எவ்வளவு நேரம் தாங்கும்? பணம் இவற்றுக்கு அப்புறம்தான்.

| வழி | வெப்பம் | ஈரப்பதம் | ஆள் இல்லாதபோது | கண்ணுக்குத் தெரியாத செலவு |
|---|---|---|---|---|
| காற்றாடி | குறையாது | குறையாது | ஓடும், பயன் இல்லை | போதும் என்ற தவறான தைரியம் |
| ஏர் கூலர் | கொஞ்சம் குறையும் | ஏறும் | தண்ணீர் தீரும் வரை | ரோமத்தில் ஈரம், பூஞ்சை |
| பளிங்குக் கல், ஐஸ் பாட்டில் | கூண்டுக்குள் மட்டும் | குறையாது | சில மணி நேரம் | மாற்றிக்கொண்டே இருக்க ஆள் வேண்டும் |
| போர்ட்டபள் ஏர்கோன் | குறையும் | குறையும் | தொட்டி நிறைந்தால் நிற்கலாம் | சத்தம், மின்சாரம் |
| சாதா ஏர்கோன் | நன்றாகக் குறையும் | நன்றாகக் குறையும் | ஓடும் | மாத பில் |
| இன்வெர்ட்டர் ஏர்கோன் | நன்றாகக் குறையும் | சில நேரம் போதாது | ஓடும் | பழுது பார்க்கும் செலவு |

## காற்றாடி

காற்றாடி நமக்குச் சுகமாக இருப்பதற்குக் காரணம் வியர்வை. காற்று பட்டு வியர்வை ஆவியாகும்போது தோல் குளிர்கிறது. வியர்க்காத உடம்பின் மேல் 31 டிகிரிக் காற்றை வீசினால், அது 31 டிகிரிக் காற்றாகவே போய்ச் சேரும். ஏர்கோன் குளிரை அறை முழுக்கப் பரப்ப மட்டும் காற்றாடி உதவும்.

## ஏர் கூலர்

பெரும்பாலானவர்கள் ஏமாறுவது இதில்தான். விலை குறைவு, சுவரைத் தொட வேண்டாம், பக்கத்தில் நின்றால் குளிர்ச்சியாகவும் இருக்கிறது. ஆனால் அது வேலை செய்வது தண்ணீரை ஆவியாக்கி. வறண்ட ஊரில் அது அருமையான சாதனம். நம் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது. 32 டிகிரியும் 70 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றைத் தண்ணீர் ஆவியாக்கி எவ்வளவுதான் குளிர்வித்தாலும், சுமார் 27 டிகிரிக்குக் கீழே கொண்டுபோக முடியாது. இயந்திரம் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் இந்த எல்லை மாறாது. அந்த 27-ஐ எட்டும் நேரத்தில் காற்றின் ஈரப்பதம் நூறை நெருங்கியிருக்கும். 81-ம் 100-ம் கூட்டினால் 181. போடாமல் இருந்ததைவிட மோசம்.

அந்த அடர்ந்த ரோமம் ஒருமுறை ஈரமானால் லேசில் காயாது. ஈரம் அடியில் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். குளிப்பாட்டுவதற்குத் தண்ணீருக்குப் பதில் மணல் கொடுப்பதும் இதனால்தான். அதே ஈரத்தைக் காற்று வழியாகக் கொடுப்பது எந்தச் சூழ்நிலையிலும் சரியான தேர்வு இல்லை. நம் ஊரில் சின்சில்லாவுக்காக ஏர் கூலர் வாங்கலாம் என்று சொல்லக்கூடிய ஒரு நிலைமைகூட எனக்குத் தோன்றவில்லை.

## பளிங்குக் கல்லும் ஐஸ் பாட்டிலும்

இதைக் குறைத்துச் சொல்ல மனமில்லை, ஏனென்றால் சரியாகப் பயன்படுத்தினால் உண்மையிலேயே உதவும். டைல்ஸ் கடையில் வெட்டி மிஞ்சிய பளிங்கு அல்லது கிரானைட் துண்டுகளைக் குறைந்த விலைக்கோ சும்மாவோ கொடுப்பார்கள். விளிம்பைத் தேய்த்து மழுப்பிக்கொண்டு, இரண்டு துண்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று கூண்டில், ஒன்று பிரிட்ஜில். சின்சில்லா வந்து முன்னங்கால்களை மடக்கி, வயிற்றைக் கல்லோடு ஒட்டி அப்படியே படுத்துக்கொள்ளும். ரோமம் குறைந்த பாதமும் அடிவயிறும் கல்லில் படும்போது உடம்புச் சூடு நேராக இறங்குகிறது.

ஐஸ் பாட்டிலில் கவனம் தேவை. கூண்டுக்குள் வைத்தால் பிளாஸ்டிக்கைக் கடித்து விழுங்கிவிடும். வெளிப்புறம் வியர்த்து வடியும் தண்ணீர் அது தின்னும் காய்ந்த புல்லில் இறங்கி, வெகு சீக்கிரம் ஒரு புளித்த வாடை வரும். அந்தப் புல்லைத் தின்றால் வயிறு கெடும். கூண்டின் மேல், தட்டில் வைத்துத் துணி சுற்றி வையுங்கள்.

ஆனால் இதன் அளவு என்ன? ஒன்றரை லிட்டர் பாட்டில் ஐஸ் முழுவதும் உருகும்போது உறிஞ்சும் வெப்பம் சுமார் 500 கிலோஜூல். ஒரு குதிரைத்திறன் ஏர்கோன் அதே வெப்பத்தை ஏறக்குறைய மூன்று நிமிடத்தில் வெளியேற்றிவிடும். பத்துப் பாட்டில் வைத்தாலும் அரை மணி நேர ஏர்கோனுக்குத்தான் சமம். ஆகவே இது அறையைக் குளிர்விக்கும் வழி ஆகாது. கரண்ட் போன நேரத்தில் ஓரிரு மணி நேரத்தைக் கடக்க உதவும் வழி. அதற்காக பிரீசரில் நாலு பாட்டில் எப்போதும் இருக்கட்டும்.

## போர்ட்டபள் ஏர்கோன்

வாடகைக்கு இருப்பவர்களுக்கும், வெளியே கம்ப்ரசர் மாட்ட கொண்டோ நிர்வாகம் சம்மதிக்காதவர்களுக்கும் இதுதான் கைகொடுக்கும். சக்கரத்தில் உருட்டி வைத்து, குழாயை ஜன்னல் வழியே வெளியே விட்டால் சரி. வீடு மாறினால் கூடவே வரும்.

குறைகள் அதன் அமைப்பிலேயே இருக்கின்றன. ஒற்றைக் குழாய் வகை, அறைக் காற்றையே எடுத்துச் சூடாக்கி வெளியே தள்ளுகிறது. வெளியே போன காற்றுக்கு ஈடாகக் கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே வருகிறது. மதியம் அது 33 டிகிரி. புகைமூட்டக் காலத்தில் புகையோடு சேர்ந்த 33 டிகிரி. இரட்டைக் குழாய் வகை கிடைத்தால் கூடுதல் விலை கொடுத்தாலும் அதை வாங்குங்கள். குழாயே சூடாகி அறைக்குள் வெப்பம் விடும் என்பதால், அதன் மேல் வெப்பத் தடுப்பு உறை சுற்றினால் வித்தியாசம் தெரியும்.

அடுத்தது சத்தம். கம்ப்ரசர் அறைக்குள்ளேயே இருக்கிறது. சின்சில்லாவின் காது மிகக் கூர்மையானது. கூண்டுக்குப் பக்கத்தில் நாள் முழுக்க அந்த இரைச்சல் இருந்தால் பகலில் அது தூங்காது. எதிர்மூலையில் வையுங்கள்.

நம் ஊர் ஈரப்பதத்தில் உள்ளே இருக்கும் தண்ணீர்த் தொட்டி நிறைந்து இயந்திரம் தானாக நின்றுவிடுவது மூன்றாவது சிக்கல். நீங்கள் வீட்டில் இல்லாத பகல் பொழுதில்தான் இது நடக்கும். வடிகுழாய் மாட்டி, வாளியில் தானாக வடியும்படி வைக்க முடியாத மாடலாக இருந்தால் வாங்க வேண்டாம்.

## சாதாவா, இன்வெர்ட்டரா

சுவரில் மாட்டும் ஏர்கோன் வைக்க முடிந்தவர்களுக்கு வேறு எதையும் நான் சொல்ல மாட்டேன். எந்த வகை என்பதுதான் மீதி. சாதா வகையில் கம்ப்ரசர் முழு வேகத்தில் ஓடி ஓடி நிற்கும்; இன்வெர்ட்டர் வகை தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடும்.

பில்லைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2025 ஜூலையில் வந்த மின் கட்டண முறையில், மாதம் 1,500 யூனிட்டுக்குள் பயன்படுத்தும் வீட்டுக்கு, தள்ளுபடி கழிக்காமல் ஒரு யூனிட் 44.43 காசு. சின்ன அறையில் ஒரு குதிரைத்திறன் சாதா ஏர்கோன், கம்ப்ரசர் ஓடி நின்று ஓடி, சராசரி 600 வாட் எடுக்கிறது என்று வையுங்கள். மாதம் 432 யூனிட், 192 வெள்ளி (ரிங்கிட்). இன்வெர்ட்டர் சராசரி 350 வாட் என்றால் 252 யூனிட், 112 வெள்ளி. மாதம் 80 வெள்ளி வித்தியாசம். தினமும் ராத்திரி மட்டும் ஏர்கோன் போடும் வீட்டுக்கு இந்த வித்தியாசம் சிறியது. நாள் முழுக்க ஓட வேண்டிய வீட்டுக்கு, இன்வெர்ட்டரின் கூடுதல் விலை வெகு சீக்கிரம் திரும்பி வந்துவிடும்.

பில்லில் இன்னொரு படியும் இருக்கிறது. வீட்டின் மொத்தப் பயன்பாடு 600 யூனிட்டைத் தாண்டினால் மாதம் 10 வெள்ளி சில்லறைக் கட்டணமும், தாண்டிய யூனிட்டுகளுக்குச் சேவை வரியும் சேரும். குறைவாகப் பயன்படுத்துவோருக்கான தள்ளுபடி, யூனிட் ஏற ஏறக் குறைந்துகொண்டே வந்து 1,000-க்கு மேல் இல்லாமலே போகும். மற்ற செலவுக்கு ஏற்கெனவே 400 யூனிட் ஓடும் வீட்டில், சாதா ஏர்கோன் உங்களை 800-க்கு மேல் தள்ளும். இன்வெர்ட்டர் 650-இல் நிறுத்தும்.

அப்படியானால் இன்வெர்ட்டர்தானே என்று முடித்துவிடலாமா? ஈரப்பதத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. அறை கேட்ட அளவுக்குக் குளிர்ந்த பிறகு இன்வெர்ட்டர் வேகத்தைக் குறைத்து மெதுவாக ஓடும். மின்சாரம் மிச்சமாவது இதனால்தான். ஆனால் அப்போது உள்ளே இருக்கும் குளிர்க்குழாய் முன்புபோல் சில்லென்று இருக்காது. காற்றிலிருந்து தண்ணீரைப் பிரித்து வடிக்கும் வேலை குறைகிறது. ரிமோட்டில் 21 என்று காட்டும், ஈரப்பதம் 65-இல் நிற்கும். சின்ன அறைக்குத் தேவைக்கு மேல் பெரிய ஏர்கோன் மாட்டினால் இது இன்னும் மோசமாகும். நூறு சதுர அடி அறைக்கு ஒரு குதிரைத்திறன் போதும். "ஒன்றரை போடுங்கள், சீக்கிரம் குளிரும்" என்று கடையில் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

இதைக் கண்டுபிடிக்க, வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று போதும். அதைக் கூண்டின் மேல்தட்டு உயரத்தில் மாட்டுங்கள். ரிமோட் எண் நீங்கள் கேட்ட வெப்பம், கூண்டில் இருக்கும் வெப்பம் அதுவல்ல. மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்குமே வித்தியாசம் இருக்கும். கூண்டை ஏர்கோன் காற்று நேரே படாத பக்கவாட்டில் வைக்க வேண்டும்.

ஈரப்பதம் இறங்கவே இல்லை என்றால், காற்றிலிருந்து ஈரத்தை எடுக்கும் டிஹியூமிடிபையர் சேர்க்கலாம். தனியாக வாங்கினால் பயனில்லை, ஏனென்றால் அது ஈரத்தை எடுத்துவிட்டு அறைக்குள் வெப்பத்தை விடும். ஏர்கோனுக்குத் துணையாக மட்டும்.

இரண்டு வகைக்கும் பொதுவான சில செலவுகளை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. சின்சில்லா குளிக்கும் மணல் மாவுபோல் மெல்லியது. அது எழுந்து ஏர்கோன் வடிகட்டியில் போய்ப் படியும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வடிகட்டியைக் கழுவாவிட்டால் குளிர் குறைந்து பில் ஏறும். ஏர்கோனின் உள்பாகங்களை ரசாயனத்தால் கழுவும் கெமிக்கல் வாஷும் மற்ற வீடுகளைவிட அடிக்கடி தேவைப்படும். எப்போதும் 20 டிகிரியில் இருக்கும் அறைச் சுவரின் மறுபக்கத்தில் தண்ணீர் முத்து முத்தாகக் கோத்து, அலமாரிக்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சை படர்வதும் உண்டு. அந்தப் பக்கச் சுவரை ஒட்டி எதையும் வைக்காமல் ஒரு சாண் இடம் விடுங்கள்.

## அறைத் தேர்வு, இயந்திரத் தேர்வைவிட முக்கியம்

ஏர்கோன் இருக்கிறதே என்று படுக்கையறையில் கூண்டை வைப்பவர்கள் அதிகம். மாலை மயங்கியதும் விழித்து, இரவெல்லாம் தாவும் பிராணி அது. உங்கள் தூக்கம் போகும். கொஞ்ச நாளில் கூண்டு ஹாலுக்கு நகரும். ஹாலை 21 டிகிரியில் வைக்க எந்தக் குடும்பத்தாலும் பில் கட்ட முடியாது.

வீட்டிலேயே சிறிய, மேற்கு வெயில் படாத அறையைத் தேடுங்கள். வரிசை வீட்டில் கீழ்த்தளத்துப் பின்னறை நல்ல இடம். அடுக்குமாடியில் மேல்மாடி வீட்டுக் கூரையும் மேற்குச் சுவரும் பகலில் வாங்கிய சூட்டை இரவு வரை விட்டுக்கொண்டே இருக்கும், அந்த அறை வேண்டாம். கதவடியில் ரப்பர் பட்டை, ஜன்னலுக்கு வெயில் மறைக்கும் கனமான திரை. இவ்வளவு மலிவாக பில்லைக் குறைக்கும் வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

## கரண்ட் போனால்

கோலாலம்பூரில் மாலை இடிமழை சாதாரணம். பெரிய இடி ஒன்று விழுந்தால் மெயின் பெட்டியில் மின்கசிவுப் பாதுகாப்பு சுவிட்ச் (கசிவு சுவிட்ச்) விழுந்துவிடும். ஏர்கோனில் தானாகத் திரும்ப ஓடும் வசதி இருந்தாலும், அந்த சுவிட்சை ஒருவர் கையால் தூக்கினால்தான் கரண்ட் வரும். மூன்று மணிக்கு விழுந்த சுவிட்சை நீங்கள் ஏழு மணிக்குப் பார்த்தால், நாலு மணி நேரத்தில் மூடிய அறை எங்கே போயிருக்கும்?

உரிமம் பெற்ற மின் பணியாளரிடம் சொல்லி, ஏர்கோனுக்குத் தனிக் கசிவு சுவிட்ச் போடச் செய்யலாம். தானாகத் திரும்ப ஏறும் வகையும் இருக்கிறது. அறை வெப்பம் 25-ஐத் தாண்டினால் போனுக்குச் செய்தி அனுப்பும் சென்சார் ஒன்று வைக்கலாம், ஆனால் வைபையும் சேர்ந்து நின்றுவிடும் என்பதால், சென்சார் தொடர்பு அறுந்தாலே செய்தி வருகிற மாதிரி அமைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பக்கத்து வீட்டு அக்காவிடமோ மாமாவிடமோ ஒரு சாவி. தைப்பூசத்துக்குக் குடும்பத்தோடு பத்துமலைக்கோ தண்ணீர்மலைக்கோ போனால் வீடு நாள் முழுக்கக் காலி. வருடத்தில் நல்ல வெயில் அடிக்கும் காலமும் அதுதான். அன்றைக்கு யாராவது ஒருவர் மதியம் வந்து மீட்டரைப் பார்த்துவிட்டுப் போக ஏற்பாடு செய்யுங்கள். ஊர்மக்கள் எல்லாருக்கும் கரண்ட் போயிருந்தால் மின்சார நிறுவனமான தெனாகாவின் 15454 எண்ணுக்கு அழைக்கலாம்.

காது கருஞ்சிவப்பாகி, பக்கவாட்டில் நீட்டிப் படுத்து, வாயால் மூச்சு வாங்கினாலோ எச்சில் வடிந்தாலோ அது வெப்பத் தாக்கு. குளிர்ந்த இடத்துக்கு மாற்றி, கல்லில் படுக்க வைத்து, காதை மட்டும் குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி, உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். ஐஸ் தண்ணீரில் முக்கக்கூடாது. நாய் பூனை பார்க்கும் எல்லா கிளினிக்கும் சின்சில்லாவைப் பார்ப்பதில்லை. பார்ப்பவர் யார் என்று இன்றைக்கே கேட்டு வையுங்கள்.

## யாருக்கு எது

சொந்த வீடு, நீண்ட நாள் வளர்க்கும் எண்ணம் என்றால் சின்ன அறையில் ஒரு குதிரைத்திறன் இன்வெர்ட்டர், ஈரப்பத மீட்டரோடு. ஏற்கெனவே நல்ல நிலையில் சாதா ஏர்கோன் இருக்கும் அறை உண்டென்றால், புதிது வாங்க அவசரம் வேண்டாம். ஈரத்தை அது நன்றாகவே எடுக்கும், கெட்டுப்போகும்போது மாற்றிக்கொள்ளலாம். வாடகை வீட்டில், உரிமையாளர் சம்மதிக்கவில்லை என்றால் இரட்டைக் குழாய் போர்ட்டபள். இரண்டு சின்சில்லாவுக்கு மேல் வைத்திருப்பவர்கள், சுவர் ஏர்கோனோடு பழைய போர்ட்டபள் ஒன்றையும் மாற்றுக்காக வைத்திருந்தால், முதலாவது கேஸ் தீர்ந்து நிற்கும் நாளில் தப்பிக்கலாம். வெயில் காலத்தில் கேமரன் மலைக்குக் கூட்டிப்போகலாமா என்று கேட்பவர்களும் உண்டு. வெப்பம் பொருந்தும், ஈரப்பதம் பொருந்தாது. தாப்பாவிலிருந்து ஏறும் அந்த வளைவுப் பாதையும் அதைக் கலங்கடிக்கும்.

இன்னும் வாங்காதவர்கள் ஒரு பெருக்கலைப் போட்டுப் பாருங்கள். சின்சில்லா பதினைந்து வருடம் சாதாரணமாக வாழும். இன்வெர்ட்டர் கணக்கில் மாதம் 112 வெள்ளி என்றால், மின்சாரம் மட்டும் 20,000 வெள்ளி. இதைக் கட்ட முடியும் என்று வீட்டில் எல்லாரும் ஒத்துக்கொண்ட பிறகு கடைக்குப் போங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டு இந்தச் செலவைத் தாங்க முடியாமல் இருப்பவர்கள், குளிர் அறை உள்ள வேறொரு வளர்ப்பவரிடம் அதை ஒப்படைப்பதில் தவறே இல்லை. கொண்டுபோகும் நாளில் வெயில் ஏறுமுன் காலையிலேயே கிளம்புங்கள். காரை முதலில் குளிரவைத்துவிட்டு அப்புறம் கூண்டை ஏற்றுங்கள். அது தின்னும் காய்ந்த புல்லையும் குளிக்கும் மணலையும் கூடவே கொடுத்தனுப்புங்கள்.